வசனம் இல்லாத காட்சி

லோர்னா பஞ்சை நனைத்து அப்பாவின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தபோது, சில நாட்களாக வாயே திறக்காதவர் திடீரென்று கணீரென்ற குரலில், "போகாதே வனெசா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார்.

போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்த நர்ஸ் மிலா திடுக்கிட்டாள். "மேடம், டாக்டர் பேசிட்டாரு!"

அப்பா ரஸ்ஸல் ஹேவர்ட்டி நிஜ டாக்டர் இல்லை. மத்தியான சீரியலில் முப்பது வருஷம் டாக்டராக நடித்தவர். ஐந்து கல்யாணம் செய்துகொண்டது, இரண்டு முறை ஞாபகம் தப்பியது, ஒரு முறை கல்லறை வரை போய்த் திரும்பியது எல்லாம் அதில்தான். அவர்கள் ஊரான பர்பேங்கில் கடைகளில் அவரை மடக்கி முதுகு வலிக்கு மருந்து கேட்டவர்கள் உண்டு. அவரும் கூசாமல் சொல்லி அனுப்புவார்.

"வனெசாவா? சீரியல்ல விஷம் வச்ச அந்தப் பாவியையா கூப்பிடுறாரு?" என்றாள் மிலா.

"அவளேதான்."

லோர்னாவுக்கு அந்தக் காட்சி தெரியும். அம்மா வீட்டை விட்டுப் போன பிறகு, சமையலறை மேஜையில் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து வசனம் படித்தவள் அவள்தான். மனைவி, மகள், எதிர்த்தரப்பு வக்கீல் எல்லாம் அவளே. மக்ரோனி ஆறிப்போகும். வரி மறந்தால் அவர் விரலைச் சொடுக்குவார், அவள் எடுத்துக் கொடுக்க வேண்டும். 'நீன்னா எனக்கு உசுரு' என்று அவள் முகத்தைப் பார்த்து எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார், யார் யார் பெயரிலோ. லோர்னா என்று சொல்லி ஒரு தடவைகூட இல்லை. ஐம்பது வயதுக்கு மேல் இதற்கு ஏங்குவது அவளுக்கே வெட்கமாக இருந்தது. இருந்தாலும் ஏங்கினாள்.

"சொல்லு, கேக்குறேன்" என்று வனெசாவின் வரியைச் சொன்னாள்.

அவர் வாய் திறந்தார். ஒன்றும் வரவில்லை. போர்வை மேல் கிடந்த கை லேசாக எழுந்தது, இரண்டு விரல்கள் சத்தமில்லாமல் உரசிக்கொண்டன.

"என்ன கேக்குறாரு?"

"அடுத்த வரி."

அடுத்த வரி, வனெசாவின் குழந்தைக்குத் தான் அப்பா இல்லை என்பது. லோர்னா அதைச் சொல்லவில்லை. அவர் காதருகே குனிந்து, "லோர்னா, நீன்னா எனக்கு உசுரு. இத்தனை நாளா சொல்லாமலே விட்டுட்டேன்" என்று எடுத்துக் கொடுத்தாள். மிலா கேட்டுக்கொண்டிருந்ததில் அவளுக்கு முகம் சூடேறியது.

அவர் முகத்தைச் சுளித்தார். மட்டமான வசனம் வந்தால் எப்போதும் சுளிக்கிற சுளிப்பு.

"எவன் எழுதினான் இதை? வெட்டு. வசனமே வேணாம், நான் முகத்துலயே பண்ணிடுறேன்."

தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

சீரியலில் காட்சிகள் அப்படித்தான் முடியும். பேச்சு நின்ற பிறகும் 'கட்' வரும்வரை பார்வையை அப்படியே வைத்திருக்க வேண்டும், எதிரே இருப்பவரும் கண்ணை எடுக்கக் கூடாது. சின்ன வயதில் லோர்னா சிரித்துக் கெடுத்துவிடுவாள். 'நான் கட் சொல்றவரைக்கும் அசையாதே' என்று திட்டு விழும். இன்று அவள் அசையவில்லை.

பக்கத்து வீட்டில் புல் வெட்டும் இயந்திரம் ஓடி ஓய்ந்தது. மிலா அவர் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு கழுத்தை. "மேடம்..." என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, அவர் கண்களை மூடக் கையை நீட்டினாள்.

"இரு மிலா" என்றாள் லோர்னா, பார்வையை எடுக்காமல். "அவரு இன்னும் கட் சொல்லல."