ஒரு நாள் பிந்திய பறுவம்

பிழை கண்ணில் பட்டபோது காலை பத்தரை மணி. பிரிவுபசாரக் கூட்டம் பின்னேரம் நாலு மணிக்கு.

இராசசிங்கத்தார் தம் மேசையை ஒழித்துக்கொண்டிருந்தார். சண்முகநாதன் கொம்பனியின் அச்சுக்கூடத்தில் இருபத்தொன்பது வருடம் அவர் சரவை பார்த்த மேசை அது. கோத்த எழுத்திலிருந்து எடுத்த முதல் தாளை மூலப் பிரதியோடு ஒப்பிட்டுப் பிழை திருத்துவது அவர் வேலை. பாடப்புத்தகம், கலியாணக் கடிதம், கோயில் நோட்டீசு எல்லாம் அவர் கையால் போயிருக்கின்றன. எல்லாவற்றிலும் பெரிய வேலை வருடாவருடம் வரும் பஞ்சாங்கம். இன்றோடு அதுவும் முடிந்தது. மேசை லாச்சியில் எடுப்பதற்கு அதிகம் இருக்கவில்லை. நாலைந்து சிவப்புப் பென்சில், ஒரு கண்ணாடிக் கூடு, பழைய வேதப்புத்தகம்.

தாள் மடிக்கும் பகுதியில் வேலை செய்யும் சின்னாச்சி கதவருகே வந்து நின்றாள்.

“ஐயா, போறதுக்கு முதல் எனக்கொரு உபகாரம். சித்திரைப் பறுவம் எண்டைக்கு எண்டு பாத்துச் சொல்லுங்கோ. அம்மா செத்து இது முதல் வருசம். தம்பி கொழும்பிலை. இப்பவே எழுதிப் போட்டாத்தான் அவன்ரை துரை லீவு குடுப்பான்.”

“பஞ்சாங்கம் முழுக்க மடிச்சது நீ. நாள் கேக்கிறது என்னட்டையோ?”

“வாசிக்கத் தெரிஞ்சா நான் ஏன் உங்கை நிலத்திலை இருந்து தாள் மடிக்கிறன்? உங்களைப்போலக் கதிரையிலையெல்லோ இருப்பன்!”

அவர் சிரித்தார். தை மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்தது அதுவே முதல் தடவையாக இருக்கலாம். முன்பக்கத்து விரத நாள் பட்டியலில் விரலை ஓட்டினார்.

“சித்திரை பதினெட்டு.”

“பதினெட்டு,” என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டே போனாள். அடுத்த அறையில் யாரையோ பிடித்துக் கடிதம் எழுதுவிக்கும் சத்தம் கேட்டது.

பட்டியலைப் பார்த்தால் உள்ளே திதியையும் பார்ப்பது இராசசிங்கத்தாரின் பழக்கம். விரல் தானாகப் பக்கத்தைப் புரட்டியது. சித்திரை மாதம். பதினேழாந் திகதி பூரணை, அதாவது பறுவம். பதினெட்டாந் திகதி பிரதமை.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார். உள்ளே பதினேழு. பட்டியலில் பதினெட்டு.

முதுகு குளிர்ந்தது. வெளியே பங்குனி வெயில் எரித்துக்கொண்டிருந்தது.

மூவாயிரம் பிரதி அடித்து, இரண்டாயிரத்தெழுநூறு வெளியே போய்விட்டது. அச்சுவேலிச் சந்தைக் கடைகள் முதல் உடுப்பிட்டி வரைக்கும் வீட்டுக்கு வீடு ஆணியில் தொங்குகிறது. உள்ளே போய்த் திதி பார்ப்பவர் குருக்கள்மாரும் சாத்திரிமாரும்தான். மற்றவர்களுக்குப் பட்டியல் போதும். தாயைப் பறிகொடுத்தவர்கள் சித்திரைப் பறுவத்தன்று விரதம் இருந்து, அவள் பேரைச் சொல்லி எள்ளுந் தண்ணீரும் இறைப்பார்கள். வருடத்தில் தாய்க்கென்று இருப்பது அந்த ஒரு நாள். இந்த வருடம் எத்தனையோ பேர் அந்த நாளில் மீனும் சோறும் தின்றுவிட்டு, மறுநாள் விரதம் இருக்கப்போகிறார்கள்.

அவருக்கு முதலில் வந்த நினைவு நல்ல நினைவல்ல. ஒருவரும் காணவில்லை, நாலு மணிக்கு மாலை, ஐந்து மணிக்கு வீடு என்பதே அது. நாளை முதல் இந்தக் கதிரையில் உதவிக்காரன் தியாகராசா இருப்பான். கேட்கிறவர்கள் அவனைக் கேட்கட்டும்.

அடுத்த நினைவில் பயம் வந்தது. அது பிழைவிட்டவன் என்ற பேருக்கான பயம் அல்ல.

தை மாதம் அவர் மனைவி பொன்மலர் நெருப்புக் காய்ச்சலில் ஒன்பது நாள் கிடந்து இறந்தாள். உடுவில் கிறிஸ்தவக் கோயில் வளவில் அடக்கம் செய்தார்கள். ஐந்தாம் நாள் போர்மன் சீவரத்தினம் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. “வெறும் வீட்டைப் பாத்துக்கொண்டிருந்தா நீர் விசராப் போவீர். வாரும், பஞ்சாங்கத் தாள் வந்திட்டுது,” என்றார். இராசசிங்கத்தார் போனார். அன்று போகாவிட்டால் என்னவாகியிருப்பார் என்று அவருக்கே தெரியாது.

பஞ்சாங்கத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. துடக்குக்காரர், அதாவது சாவுத் தீட்டு உள்ளவர், மூலப் பிரதியைத் தொடக்கூடாது என்பது அதைக் கணித்துத் தரும் ஐயரின் சொல். சைவக்காரர் வீட்டில் சாவு விழுந்தால் முப்பத்தொரு நாள் மூலப் பிரதி இருக்கும் அறைப்பக்கம் வரமாட்டார்கள். வேதக்காரருக்குத் துடக்கு ஏது என்று சீவரத்தினம் தாமே தீர்த்துக்கொண்டார். தியாகராசாவால் அப்படித் தீர்க்க முடியவில்லை. மூலத்தை உரத்து வாசிக்கிறவன் அவன். அவன் வாசிக்க, இராசசிங்கத்தார் தாளில் பார்ப்பார். அந்தக் கிழமை அவனுக்கு ஒரு நாள் வயிற்றுக்குத்து. ஒரு நாள் இயந்திர அறையில் வேலை. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு விளங்கியது. தனியே பார்த்தார்.

அந்தத் தாளைப் பார்த்தது அவருக்கு ஞாபகம் இல்லை. அலுமாரியைத் திறந்து கோவையை எடுத்தார். ஐயரின் கையெழுத்தில் தெளிவாகப் பதினேழு. தாளில் பதினெட்டு. பக்கத்தில் சிவப்புப் பென்சில் அடையாளங்கள், கீழே அவருடைய ஒப்பம். பார்த்தவர் மட்டும் அன்று அங்கே இருக்கவில்லை.

ஊர் அப்படிச் சொல்லாது. பெண்சாதி செத்து அஞ்சாம் நாள் தொட்டான், அதுதான் பிழைத்தது என்று சொல்லும். பொன்மலரின் சாவை எடுத்து மூவாயிரம் பஞ்சாங்கத்தில் ஒட்டுவார்கள். வருடம் முழுதும் எந்த வீட்டில் எது பிழைத்தாலும் அதில் அவள் பேர் வரும். அவர் கோவையை மூடினார்.

மத்தியானம் சீவரத்தினத்தைத் தனியே கூப்பிட்டுக் காட்டினார். சீவரத்தினம் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

“இருபத்தொன்பது வருசமா ஊரிலை ஆர் எழுதினதிலையும் பிழை பிடிச்சீர். கடைசி நாளிலை உம்மிலையே பிடிக்கிறீரோ, காணும்?”

“பகிடி விடாதையும். என்ன செய்யிறது?”

“வாயை மூடிக்கொண்டு மாலையைப் போட்டுக்கொண்டு போம். ஐயர் அறிஞ்சா வாற வருசம் பஞ்சாங்கம் வேறை அச்சுக்கூடத்துக்குப் போயிடும். பஞ்சாங்கம் போனா உந்தப் பெரிய மிசின் ஆறு மாதம் சும்மா நிக்கும். ஆரை வீட்டை அனுப்புவினம்?”

“சின்னாச்சிக்குப் பதினெட்டெண்டு சொல்லிப்போட்டன்.”

“அவளுக்கு நான் இரகசியமாச் சொல்லுறன்.”

“மற்ற ஆக்களுக்கு?”

சீவரத்தினம் கதவில் கை வைத்தபடி நின்றார். “நான்தானே உம்மை வீட்டிலையிருந்து கூட்டிக்கொண்டு வந்தனான்,” என்றார். குரல் இறங்கியிருந்தது. “முதலாளி கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?”

அவருக்கும் பயம் என்பது அப்போதுதான் இராசசிங்கத்தாருக்குப் பட்டது.

நாலு மணிக்கு இயந்திர அறையில் ஆட்கள் இருக்க வாங்குகள் போட்டிருந்தார்கள். சக்கரங்கள் நின்றிருந்தன. அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்து அவர் பார்த்ததில்லை. முதலாளி, கொம்பனியைத் தொடங்கியவரின் மகன், நாற்பது வயது இராது. எழுந்து மாலை போட்டார்.

“என்ரை அப்பு சொல்லுவார், இராசசிங்கத்தார் பாத்த தாளிலை பிழை கண்டுபிடிக்கிறவனுக்குத் தன்ரை சால்வையைக் குடுக்கிறனெண்டு. அப்பு கடைசிவரைக்கும் அந்தச் சால்வையோடைதான் இருந்தவர்.”

எல்லாரும் சிரித்தார்கள். கை தட்டினார்கள். இராசசிங்கத்தார் குனிந்துகொண்டார். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். அது தட்டில் மோதிச் சத்தமிட்டது.

அவர் பதில் பேசவேண்டும். இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தார். எழுந்து கடதாசியை விரித்தார்.

“பெரிய முதலாளி என்னை வேலைக்கு எடுத்தபோது என் வயது இருபத்தாறு. நான் வேதக்காரன். சைவப் பஞ்சாங்கத்தை வேதக்காரனிடம் கொடுப்பதா என்று கேட்டவர்களுக்கு, இவருக்குக் கண் இருக்கிறது, எனக்கு அது போதும் என்றார். யுத்தகாலத்தில் கடதாசிக் கப்பல் வரவில்லை. எட்டு மாதம் அச்சடிக்க ஒன்றுமில்லை. ஒருவரையும் நிறுத்தவில்லை. தம் தோட்டத்து மரவள்ளிக் கிழங்கைப் பங்கிட்டுத் தந்தார். என் மூத்த மகள் அந்தக் கிழங்கில் வளர்ந்தவள்.”

வாசித்துக்கொண்டே போனார். தாம் எழுதியதெல்லாம் உண்மை என்று வாசிக்கும்போது தெரிந்தது. அது பயத்தைக் கூட்டியது. இந்த மனிதர்களுக்குத்தான் அவர் அதைச் செய்யப்போகிறார்.

“தை மாதம் என் மனைவி இறந்தபோது சீவரத்தினம் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார். இந்த அச்சுக்கூடம் எனக்குச் செய்தவற்றில் பெரியது அதுதான். அதை நான் மறக்கமாட்டேன்.”

அடுத்த வரி, எல்லாருக்கும் கடவுளின் ஆசீர்வாதம் என்று இருந்தது. அவர் கடதாசியை மடித்தார்.

“பஞ்சாங்கத்திலை ஒரு பிழை இருக்கு,” என்றார். “சித்திரைப் பறுவம் பதினேழு. பட்டியலிலை பதினெட்டெண்டு போயிட்டுது. சரவை பாத்தது நான். ஒப்பமும் என்ரை.”

பின்வாங்கிலிருந்து ஒரு குரல் எழும்பியது.

“ஐயோ, நான் கடிதத்தைத் தபாலிலை போட்டிட்டனே!”

“இன்னொண்டு எழுதுவம், சின்னாச்சி.”

“துரை என்னை விசரியெண்டெல்லோ நினைப்பான்! ஒரு கிழமைக்கு எத்தினை பறுவம் எண்டு கேப்பான்!”

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார்கள். முதலாளி சிரிக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது.

“மூலத்திலை சரியோ?”

“சரி.”

“தியாகராசா வாசிக்க நீங்கள் பாத்தனீங்கள்தானே?”

“தனியத்தான் பாத்தனான்.”

“ஏன் தனிய?”

துடக்கு என்ற சொல்லை மட்டும் தாம் சொல்வதில்லை என்று இராசசிங்கத்தார் மத்தியானமே முடிவு செய்திருந்தார். மாலையிலிருந்து ஒரு பூ உதிர்ந்தது. பார்த்துக்கொண்டு நின்றார்.

“நான் வாசிக்கப் போகேல்லை,” என்றான் தியாகராசா. எழுந்து நின்றான். கைகளை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை. “அண்ணைக்குத் துடக்கெண்டு பயந்துபோனன். பிள்ளைத்தாச்சி ஒருத்தி வீட்டிலை. வயித்துக்குத்தெண்டு பொய் சொன்னனான்.”

சொல் வெளியே வந்துவிட்டது. இராசசிங்கத்தார் அது விழும் இடத்தைப் பார்த்துக் காத்துக்கொண்டிருந்தார். முன்வாங்கில் இருந்த கிழவர் ஒருவர் அவர் பக்கத்திலிருந்து கால்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. அது போதுமாக இருந்தது.

சீவரத்தினம் எழுந்தார். “கூட்டிக்கொண்டு வந்தது நான், முதலாளி. கேக்கிறதெண்டா என்னைக் கேளுங்கோ.”

“இருங்கோ எல்லாரும்,” என்றார் முதலாளி. சால்வையால் முகத்தைத் துடைத்தார். பிறகு இராசசிங்கத்தாரைப் பார்த்தார். “இண்டைக்கே இதைச் சொல்லவேணுமோ? நாளைக்கு வந்து என்னட்டைத் தனியச் சொல்லியிருக்கலாமே.”

“நாளைக்கு நான் இந்தக் கொம்பனி ஆள் இல்லை, முதலாளி. இண்டைக்குச் சொன்னாத்தான் அது கொம்பனி தானே கண்டு சொன்ன பிழை.”

முதலாளி சால்வையை மடித்துத் தோளில் போட்டார்.

“ஐயரிட்டை நான் போறன்,” என்றார் கடைசியில். “ஏச்சு விழும். பஞ்சாங்கத்தைப் பறிச்சாலும் பறிப்பார். திருத்தத் தாள் இப்பவே அடியுங்கோ. கடைகளுக்கு விடியப் போகவேணும்.”

வாங்குகளை ஓரமாக்கினார்கள். தியாகராசா எழுத்துக் கோத்தான். நாலு வரிதான். முதல் தாளை எடுத்துவந்து கொடுத்தபோது இராசசிங்கத்தார் கடைசி வரிக்குக் கீழே சிவப்புப் பென்சிலால் இன்னொரு வரி எழுதினார். பிழை சரவை பார்த்தவருடையது. நோர்மன் இராசசிங்கம், உடுவில்.

“இது வேண்டாம், அண்ணை,” என்றான் தியாகராசா. “சனம் உங்கடை படலைக்கு வரும்.”

“கொம்பனிக்கு வாறதிலும் அது நல்லது. எழுத்தைக் கோத்துப்போடும்.”

அத்தனை வருடத்தில் ஆயிரக்கணக்கான பேர்களை அவர் சரி பார்த்திருக்கிறார். தம் பேரை அச்சில் பார்ப்பது இதுவே முதல் தடவை. எழுத்தெழுத்தாகப் பார்த்தார். பிழை இருக்கவில்லை. அச்சிடலாம் என்று எழுதி ஒப்பம் வைத்தார்.

மூன்று நாள் அவர் படலைக்கு வெளியே போகவில்லை. தெருவில் சைக்கிள் மணி கேட்டால் உள்ளறைக்குப் போனார். நாலாம் நாள் உப்பு முடிந்துவிட்டது. சந்திக் கடைக்குப் போனார். கடைச் சுவரில் திருத்தத் தாள் ஒட்டியிருந்தது. கடைக்காரர் அவரைப் பார்த்துவிட்டு உப்பை அளந்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதது இன்னும் கெட்டதாகப் பட்டது.

திரும்பும்போது எதிரே வந்த ஒருவர் சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றினார். நெற்றியில் திருநீறு. தோட்டக்காரர் போலிருந்தது. ஊரில் அவர் கண்ட முகம் அல்ல.

“நீங்கள்தானே அந்த அச்சுக்கூடத்து இராசசிங்கம்?”

உப்புப் பை கையில் கனத்தது. ஓடுவதற்கு அந்தத் தெருவில் இடம் இல்லை.

“ஓம்.”

“எனக்கு ஆத்தை இல்லை. ஒருத்தன் பதினேழெண்டுறான், ஒருத்தன் பதினெட்டெண்டுறான். சுவரிலை ஒட்டினதை நம்பலாமோ? உங்கடை வாயாலை சொல்லுங்கோ.”

அவர் பூரணையிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு திதியாக மனதுக்குள் எண்ணினார். பிறகு முன்னோக்கி எண்ணினார். அந்த மனிதர் பொறுத்து நின்றார்.

“பதினேழு,” என்றார் இராசசிங்கத்தார்.