கொடி பிடித்தவளின் படம்

எண்பத்தாறாம் ஆண்டு ஆவணி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சரவணையில் தியாகலிங்கத்தின் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: மாப்பிள்ளையின் தகப்பன் சிவபாதம், வாசலைப் பார்த்த பெரிய கதிரையில்; அவர் மனைவி பார்வதிப்பிள்ளை, அவருக்கு வலப்பக்கத்தில், அலுமாரிக்கு எதிரே; தரகர் குலசிங்கம், யன்னலோரப் பலகை வாங்கில், பலகாரத் தட்டுக்குக் கைக்கெட்டும் தூரத்தில். தியாகலிங்கத்தின் தாய் இராசமணி அடுப்பெரிந்த குசினியின் வாசலில் நின்றாள். தியாகலிங்கம் அலுமாரியை ஒட்டி முக்காலியில் இருந்தான். பெண், அவனுடைய இளைய தங்கை சறோஜினிதேவி, உள்ளறையில். அவளுக்கு மூத்த யோகம்மா அலுமாரியின் மேல், கண்ணாடிச் சட்டத்துக்குள்.

படத்தை அங்கே வைத்தவன் தியாகலிங்கம்தான். வெளிநாடு போய்வந்த தங்கை ஒருத்தி இருக்கிறாள் என்பது சம்பந்தத்துக்குப் பெலம் என்று நினைத்தான்.

யோகம்மாவுக்கு நாலு வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து இரண்டு கால்களும் செயலிழந்துவிட்டன. ஆறு வருடமாகத் தெற்கே கன்னியாஸ்திரிகளின் விடுதி ஒன்றில் தையல் வேலை செய்கிறாள். அங்கே ஈட்டி எறியப் பழகி, ஊனமுற்றோருக்கான சர்வதேசப் போட்டிக்குத் தெரிவாகி, தொடக்க விழாவில் நாட்டுக் கொடியைத் தன் சில்லுக் கதிரையில் ஊன்றிப் பிடித்தபடி அணிக்கு முன்னால் போனாள். படத்தை அனுப்பி எழுதியிருந்தாள்: "அண்ணை, நல்ல காத்து. கை உளைஞ்சு போச்சு, ஆனா கொடியைச் சரியவிடேல்லை. தங்கச்சியின்ரை கலியாணம் சரிவந்தா நானும் வரட்டே?"

மூன்று கிழமையாக அவன் பதில் போடவில்லை.

"இது ஆர் தம்பி?" பார்வதிப்பிள்ளை அலுமாரியைக் காட்டிக் கேட்டார்.

"மூத்த தங்கச்சி," என்று குலசிங்கம் முந்திக்கொண்டார். "வெளிநாட்டிலை போட்டிக்குப் போய்க் கொடி பிடிச்சவ."

"கொடியைக் காணேல்லையே. தடிதானே கிடக்கு. எங்கட நயினாதீவிலை மரக்கோல் ஊண்டி வள்ளம் தள்ளுற ஆக்கள் மாதிரி நிக்கிறா."

படத்தில் மிஞ்சியிருந்தவை முகமும், தோளும், கம்பைப் பற்றிய இரண்டு கைகளுந்தான். மேலேயும் கீழேயும் கத்தரிக்கோல் போயிருந்தது.

சிவபாதம் சிரித்தார். "உமக்கு ஊர் உலகம் தெரியாதப்பா. அரசாங்கத்தின்ரை சிங்கக்கொடியை இந்த நேரத்திலை வீட்டுக்கை வைச்சிருக்க ஏலுமே? இயக்கப் பெடியள் கண்டா என்ன கேப்பினம்? தம்பி யோசிச்சு வெட்டியிருக்கிறார். என்ன தம்பி?"

"ஓம்," என்றான் தியாகலிங்கம்.

"நல்ல புத்தி. அது கிடக்க, மூத்தது இருக்க இளையதுக்கு ஏன் முந்திறியள்?"

"அவவுக்கு விளையாட்டிலைதான் மனம். கலியாணம் வேண்டாமாம்," என்றான் தியாகலிங்கம்.

அவன் திரும்பிப் பார்த்தபோது குசினி வாசலில் இராசமணி இல்லை.

பெண்ணைப் பார்த்தார்கள், பிடித்தது. அடுத்த மாதம் நாள் வைக்கலாம் என்று சொல்லி, நயினாதீவு வள்ளத்தைப் பிடிக்கக் குறிகட்டுவான் பஸ்ஸுக்கு எழும்பினார்கள். படலை சாத்தியதும் சறோஜினிதேவி முன்னறைக்கு வந்தாள்.

"அக்காவைக் காட்டிலும் நீங்கள்தான் அண்ணை தூர எறியிறியள்."

"வாயை மூடு. உனக்காகத்தான் சொன்னனான்."

"எனக்காகவோ? அப்ப கலியாணத்தண்டைக்கு அக்கா எங்கை இருப்பா? குசினிக்கையோ?"

தியாகலிங்கத்தின் காது சுட்டது. யோகம்மா வீட்டிலிருந்த காலத்தில், படலையில் சைக்கிள் மணி கேட்டதும் கையூன்றி அரக்கி அரக்கிக் குசினிக்குள் போய்விடுவாள். வந்தவர்கள் போகுமட்டும் இருமக்கூட மாட்டாள். அவளை யாரும் போகச் சொன்னதில்லை. இருக்கச் சொன்னதுமில்லை. நல்ல பிள்ளை, குறிப்பறிந்து நடக்கிறாள் என்று அவன் மனதுக்குள் மெச்சியிருக்கிறான். எத்தனையோ நாடுகளின் ஆட்களுக்கு முன்னால் கொடியோடு போனவளை, இன்றைக்கு அவனே திரும்பவும் அந்தக் குசினிக்குள் தள்ளியிருக்கிறான். அதற்கு நல்ல புத்தி என்று பெயரும் வாங்கியிருக்கிறான்.

"உண்மையை அவையளுக்கு எழுதினா இந்தச் சம்பந்தம் குழம்பும்," என்றான் கடைசியில்.

"குழம்பட்டும்," என்றாள் சறோஜினிதேவி. குரல் அவ்வளவு திடமாக வரவில்லை.

"வேண்டாம் மோனை," என்று உள்ளேயிருந்து தாய் அழுதாள். "இதுவும் போனா இவளுக்கு வேறை ஆர் வருவினம்?"

அவன் மேசையில் இருந்தான். கூட்டுறவுச் சங்கத்து எழுதுவினைஞன். கைப்பழக்கத்தில் கார்பன் தாளை வைத்துக்கொண்டான். முதல் தாளில், தரகர் அவசரப்பட்டுச் சொன்னதால் என்று தொடங்கினான். வாசித்துப் பார்த்துக் கிழித்தான். இரண்டாவதை இப்படி எழுதினான்:

"மதிப்புக்குரிய ஐயா,

1. படத்தை நான் கொடிக்காக வெட்டவில்லை. தங்கை இருக்கும் சில்லுக் கதிரை தெரியாமலிருக்க வெட்டினேன். ஏன் வெட்டினாய் என்று கேட்டால் சொல்ல ஒரு சாட்டு வேண்டுமென்று, பிறகு கொடியையும் வெட்டினேன்.

2. யோகம்மாவுக்கு நடக்க ஏலாது. கலியாணம் வேண்டாமென்று அவள் சொன்னதில்லை. அவளிடம் யாரும் கேட்டதில்லை.

3. கலியாணம் நடந்தால் அவள் வருவாள். நானே போய்க் கூட்டிவருவேன். இதில் உங்களுக்குச் சம்மதமில்லையென்றால் இரண்டு வரி எழுதிவிடுங்கள். குறை நினைக்கமாட்டோம்."

கையெழுத்தை வைத்து, அதன் கீழ் 'பிரதி: கோப்புக்கு' என்று எழுதப் போன பேனா நின்றது. நெடுநேரம் நின்றது. சிவபாதம் அந்நியர்; அவர் என்ன நினைத்தாலும் தாங்கலாம். தன்னுடைய படம் முழுசாக வீட்டில் இருக்கிறது என்றல்லவா யோகம்மா நினைத்துக்கொண்டிருப்பாள்? முதலாம் இலக்கத்தை அவள் வாசிக்கும்போது முகம் எப்படிப் போகும்?

'பிரதி: செல்வி யோகம்மா' என்று எழுதினான்.

ஓரத்தில் தனியாக அவளுக்கு ஏதாவது சேர்க்கப் பார்த்தான். வந்த ஒவ்வொரு சொல்லும் தனக்கே சலுகை கேட்டது. ஒன்றும் சேர்க்கவில்லை.

திங்கள் காலை உப தபாற்கந்தோரில், தபாலதிபர் செல்வரத்தினம் இரண்டு உறைகளையும் திருப்பிப் பார்த்தார்.

"என்ன தியாகு, ஒண்டு நயினாதீவு, மற்றது தெற்கு. கலியாணச் செய்தியோ?"

"இன்னும் தெரியாதண்ணை."

நயினாதீவுக் கடிதத்தை ஒட்டிக் கொடுத்தான். மற்றதின் வாயை மேசைமேல் வைத்துப் பசை தடவி, பெருவிரலால் ஓரம் முழுக்க அழுத்தினான். செல்வரத்தினம் இரண்டிலும் முத்திரை குத்திப் பைக்குள் போட்டார். வெளியே யாழ்ப்பாண பஸ் ஹோன் அடித்தது. அவர் பையின் வாயை இழுத்துக் கட்டி, அரக்கை உருக்கி வார்த்தார்.