கெட்டில் மேல் போட்ட பழி

"யாரு கெட்டிலைப் போட்டது?" என்று ஆய்வுக்கூடத் தலைவர் டாக்டர் ஓல்மோஸ் கேட்டதுமே அங்கே வேலை பார்க்கும் நெலிதாவுக்குச் சுர்ரென்று உச்சந்தலைக்கு ஏறியது.

யாரும் போடவில்லை. கெட்டில் அலமாரி மேல், வயர் சுருட்டி, ரப்பர் பேண்ட் மாட்டிக் கிடந்தது. அது அவர் கண்ணுக்கும் தெரிந்தது. தெரிந்தும் கேட்டார். கறியில் கிருமி இருக்கிறதா என்று சோதிக்கிற கருவியின் ஒலி இறங்கினால் கெட்டில் மேல் பழியைப் போடுவது அந்த ஆய்வுக்கூடத்தில் வழக்கமாகிப் போயிருந்தது.

அந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்தவளே நெலிதாதான். அர்ஜென்டினாவில் மாத்தே என்கிற இலைத் தேநீர் இல்லாமல் எந்த ஆபீசும் நகராது. ஒரே சுரைக்குடுவை, ஒரே உறிஞ்சுகுழல், கை மாறி கை மாறி வந்துகொண்டே இருக்கும். வெந்நீர் மட்டும் ஓயவே கூடாது. கிருமி இருக்கிற அறையில் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பதால் அடுத்த அறையில் உட்கார்ந்துதான் குடிப்பார்கள். அங்கே பிளக் பாயிண்ட் செத்து மூன்று வருடம். பல்கலைக்கழகத்துக்கு எழுதி எழுதிக் கை வலித்ததுதான் மிச்சம். போன வருடம் ஒருநாள் அவசரத்துக்கு, கருவி செருகியிருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலேயே கெட்டிலையும் செருகினாள். தண்ணீர் சூடாகச் சூடாக மின்சாரம் தள்ளாடியது, கருவியின் ஒலி இறங்கியது, கறியில் கிருமி என்று பாவம் ஒரு கசாப்புக்கடைக்கு மூன்று நாள் பூட்டு விழுந்தது. உள்ளூர்ப் பத்திரிகை "கெட்டிலில் பிடிபட்ட கிருமி" என்று போட்டு ஊரையே சிரிக்க வைத்தது. அன்றைக்கே கெட்டில் அலமாரி மேல் ஏறியது. அதன்பிறகு நெலிதா வீட்டிலிருந்து பிளாஸ்கில்தான் வெந்நீர் கொண்டுவருகிறாள்.

"டாக்டர், கெட்டில் மேல கிடக்கு பாருங்க. மூணு தடவை ஓட்டிட்டேன். மூணு தடவையும் இறங்குது."

"சாம்பிளைக் கரைச்ச தண்ணி சூடு மாறியிருக்கும்."

"மாறலை. பக்கத்துலயே நல்ல கறியையும் வச்சு ஓட்டினேன். அது அசையவே இல்லை. கேளுங்க."

கருவி ஒரு ஷூ டப்பா அளவுதான். உள்ளே சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு படிகத் தகடு. மின்சாரம் கொடுத்தால் நொடிக்கு ஒரு கோடி தடவை அதிரும். அதன் மேல் ஒரே ஒரு வகைக் கிருமியை மட்டும் பிடித்துக்கொள்ளும் புரதத்தைப் பூசியிருப்பார்கள். கிருமி வந்து ஒட்டினால் தகடு இத்தனூண்டு கனக்கும், அதிர்வு அத்தனைக்கத்தனை குறையும். அந்த அதிர்வு மனுசக் காதில் விழாது என்பதால் இன்னொரு தகட்டோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை மட்டும் ஸ்பீக்கரில் ரீங்காரமாகக் கேட்கும்படி செய்திருந்தாள் நெலிதா. நல்ல கறி என்றால் ரீங்காரம் ஒரே நிலையில் நிற்கும். கெட்ட கறி என்றால் இறங்கிக்கொண்டே போகும்.

ஒன்பதாம் நம்பர் பள்ளியின் சமையலறையிலிருந்து நகராட்சி அனுப்பிய கொத்துக்கறி அது. ரீங்காரம் இறங்கிற்று, இறங்கிற்று, முக்கல் மாதிரி ஆகிற வரைக்கும் இறங்கிற்று.

"கிருமியைத் தட்டுல வளர்த்துப் பார்ப்போம்," என்றார் டாக்டர். "சட்டம் ஒத்துக்கறது அதைத்தான். திங்கக்கிழமை தெரிஞ்சிடும்."

"இன்னிக்குப் புதன். நாளைக்கு மத்தியானம் அங்க பர்கர், டாக்டர்!"

"இன்னொரு தடவை பேப்பர்ல வந்தா இந்தக் கூடத்தையே இழுத்து மூடிடுவாங்க. புரியுதா உனக்கு? சட்டப்படி நான் சரியாத்தான் செய்யறேன்."

சரியாகத்தான் செய்கிறாராம். பதினாறு வருடம் முன்னால் நெலிதாவின் மகள் ஐலெனுக்கும் எல்லாரும் சரியாகத்தான் செய்தார்கள். மூன்று வயதுக் குழந்தை, ரத்தமாக வயிற்றுப்போக்கு. தட்டில் வளர்த்துப் பார்க்கலாம் என்றார்கள். தட்டு வளர ஐந்து நாள் ஆயிற்று. மூன்றாம் நாளே குழந்தையின் சிறுநீரகம் நின்றுவிட்டது. பத்தொன்பது வயதில் இன்றைக்கும் அவள் வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ் நாற்காலியில் போய் உட்கார்கிறாள். பள்ளிக்கூடப் பிறந்தநாள் விழாவில் தின்ற அரை பர்கர். அவ்வளவுதான் அந்தப் பிள்ளை செய்த குற்றம்.

வியாழக்கிழமை காலை நெலிதா லீவு சொல்லவில்லை. இரண்டு ரீங்காரத்தையும் போனில் பதிந்துகொண்டு நேராக ஒன்பதாம் நம்பர் பள்ளிக்குப் பஸ் ஏறினாள்.

சமையல்காரி ஹசிந்தா கை முழங்கை வரை கறியாக நின்றாள். பன்னிரண்டு கிலோவைப் பிசைந்து, வட்டம் வட்டமாகத் தட்டித் தட்டில் அடுக்கியாயிற்று. கறியைச் சமைக்க வேண்டாம் என்று நெலிதா சொன்னதும், பக்கத்தில் தலைமை ஆசிரியை மிர்த்தா கண்ணாடியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, "கையெழுத்துப் போட்ட பேப்பர் இருக்கா?" என்றாள்.

"பேப்பர் திங்கக்கிழமை வரும். பிள்ளைங்க இன்னிக்குச் சாப்பிடுறாங்க."

"பேப்பர் இல்லாம நகராட்சிக் கறியை நான் தூக்கி எறிய முடியாதும்மா. என் வேலை போயிடும்."

"ஏம்மா, அப்படி என்னதான் கண்டுபிடிச்சே?" என்றாள் ஹசிந்தா. "எனக்குச் சொல்லு. நான்தானே இதை அந்தக் குஞ்சுங்க வாயில வைக்கிறேன்."

நெலிதா போனை மேஜையில் வைத்தாள். முதலில் நல்ல கறி. ரீங்காரம் கோடு போட்டது போல் நின்றது. அப்புறம் இந்தக் கறி. ஹசிந்தா ஈரக்கையை உயர்த்திப் பிடித்தபடி கேட்டாள். இறங்க இறங்க அவள் முகமும் இறங்கிற்று.

"மாதாவே! மோட்டார் சாகிற சத்தம் மாதிரி இருக்கு."

"அந்தக் கெட்டில் ஆளுங்கதானே நீங்க?" என்றாள் மிர்த்தா சட்டென்று. "உங்க டாக்டர்கிட்டயே கேட்டுடறேன்."

ஸ்பீக்கரில் போட்டாள். டாக்டர் ஓல்மோஸின் குரல் சமையலறையில் வழுவழுவென்று வந்தது. முடிவு இன்னும் உறுதியாகவில்லை என்றார். கருவி சோதனை நிலையில் இருக்கிறது என்றார். மின்சாரக் கோளாறாகக்கூட இருக்கலாம் என்றார்.

நெலிதா போன் பக்கம் குனிந்தாள்.

"டாக்டர், நெலிதா பேசறேன். கெட்டில்தானே? சரி, ஒரு டாக்ஸி பிடிச்சு வாங்க. ஹசிந்தா உங்களுக்கு ஒரு பர்கர் சுட்டுத் தருவாங்க. பிள்ளைங்களுக்குச் சுடுற மாதிரியே, அவசர அவசரமா, நடுவுல வேகாம ரோஸ் கலர்ல. எங்க முன்னாடி உட்கார்ந்து முழுசாச் சாப்பிடுங்க. அதுக்கப்புறம் நூத்திநாப்பது பிள்ளைங்களும் சாப்பிடட்டும். நான் வாயைத் திறக்க மாட்டேன், வேலையையும் விட்டுடறேன். வர்றீங்களா?"

மறுமுனையில் பேச்சில்லை. மைதானத்தில் பிள்ளைகள் பந்தடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. ஏதோ சொல்லப்போகிற மாதிரி ஒரு மூச்சு இழுத்தார். அப்புறம், "எனக்கு மீட்டிங் இருக்கு," என்று வைத்துவிட்டார்.

"வர மாட்டாராம்," என்றாள் ஹசிந்தா. தொட்டியடியில் குனிந்து பிளீச் கேனை எடுத்து, மூடியைப் பல்லால் திருகாத குறையாகத் திறந்து, மொத்தப் பன்னிரண்டு கிலோ கறியின் மேல் கொட்டினாள். சமையலறை முழுக்கக் கண் எரிந்தது. "இப்ப எந்தப் பேப்பர் வந்தாலும் இதை யாரும் திங்க முடியாது. மிர்த்தா டீச்சர், என் கை தவறிடுச்சுன்னு எழுதிக்கோங்க."

மிர்த்தா எதுவும் எழுதவில்லை. பெரிய அண்டாவை அவளே அடுப்பில் ஏற்றினாள். அன்றைக்குப் பிள்ளைகளுக்கு வெண்ணெய் போட்ட நூடுல்ஸ். பர்கர் எங்கே என்று கத்தித் தீர்த்தார்கள். அந்தக் கூச்சலைக் கேட்க நெலிதாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஐலெனுக்குப் போன் போட்டுச் சும்மா ஏதேதோ பேசினாள்.

திங்கட்கிழமை காலை டாக்டர் ஓல்மோஸ் தட்டையும் கையெழுத்துப் போட்ட தாளையும் ஒன்றாக எடுத்து வந்தார். தட்டு நிறைய அதே கிருமிதான் முளைத்திருந்தது. அவர் முகத்தில் வெட்கம் இருக்கும் என்று நெலிதா எதிர்பார்த்திருந்தாள். இருந்ததெல்லாம் நிம்மதி. சட்டம் வந்து சேர்ந்துவிட்டதல்லவா.

"நீ சொன்னது சரிதான். பாராட்டறேன்," என்றார். "இப்ப தைரியமா நடவடிக்கை எடுக்கலாம். ரெண்டு பள்ளிக்கும் உடனே தகவல் சொல்லிடு."

நெலிதா நிமிர்ந்தாள். "ரெண்டா?"

"ஒன்பது, பதினாலு. ஒரே வண்டியில போன ஒரே கறி. சாம்பிளோட வந்த தாள்லயே இருந்துச்சே."

"அந்தத் தாளை நீங்க என்கிட்டக் காட்டவே இல்லையே."

"என் மேஜையில இருந்துச்சு. முடிவு தெரியாம எதுக்குக் காட்டணும்?"

வியாழக்கிழமை அந்தப் போனில் பேச்சில்லாமல் இருந்தாரே, அப்போதும் அவருக்குத் தெரியும். பதினாலாம் நம்பர் பள்ளியிலும் அதே நேரத்தில் அடுப்பு எரிகிறது என்று தெரிந்துகொண்டே மூச்சை இழுத்து, விட்டு, போனை வைத்திருக்கிறார். ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். ஹசிந்தாவே இன்னொரு கேனைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பாள். சே, நீயெல்லாம் ஒரு மனுசனா என்று நெலிதாவுக்கு வாய் வரைக்கும் வந்தது. அதைச் சொல்லி நேரத்தை வீணாக்காமல் பதினாலாம் நம்பரைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

எடுத்தது அங்குள்ள தலைமை ஆசிரியை. நெலிதா கறி என்று சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். வியாழக்கிழமை எல்லாப் பிள்ளைகளும் சாப்பிட்டார்களாம். ஒன்றாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை, ஆறு வயது, சனிக்கிழமையிலிருந்து ஆஸ்பத்திரியில். நேற்று ராத்திரியோடு ஒன்றுக்குப் போவது நின்றுவிட்டதாம். இன்று காலை இன்னும் இரண்டு பேரைச் சேர்த்திருக்கிறார்களாம்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்? கேக்கிறேன் இல்ல, சொல்லுங்க, எப்பத் தெரியும்? ஏன் எங்களுக்கு ஒருத்தரும் சொல்லலை?"

நெலிதா போனை எடுத்து டாக்டர் ஓல்மோஸின் வாய்க்கு நேராக நீட்டினாள்.

"சொல்லுங்க டாக்டர். கெட்டில்னு சொல்லுங்க."

அவர் கையில் இருந்த தாளைப் பார்த்தார். அலமாரி மேல் பார்த்தார். நெலிதா கையைத் தாழ்த்தவில்லை. போனுக்குள்ளிருந்து அந்த அம்மா "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.