சாஸ்வட் வாடாவின் தெற்கு மூலைத் தூண்

புனேவுக்குப் பக்கத்துச் சாஸ்வட்டில், வாடா எனப்படும் பழைய முற்றம் வைத்த வீடு ஒன்றை இடிக்கலாம் என்று நகராட்சிக்கு அறிக்கை எழுதத்தான் 2003 டிசம்பரில் லீலாவை அனுப்பினார்கள். கோவில்பட்டிக்காரியான லீலா, புனேயின் கராடியில் ஒரு கட்டுமான ஆலோசனை நிறுவனத்தில் பொறியாளர். வீட்டுக்காரர்கள் கேஷவும் வைஷாலியும் பள்ளி ஆசிரியர்கள். அந்த வீடு கேஷவின் குடும்பத்துக்கு ஏழு தலைமுறைச் சொத்து. இடிக்க இருவருக்குமே மனசில்லை.

"தெற்குப் பக்கம் மாடி நாலு அங்குலம் இறங்கிடுச்சு. மழை வந்தா நாங்க மேலயே போறதில்ல மேடம்" என்றார் வைஷாலி.

முற்றத்தைச் சுற்றிப் பன்னிரண்டு தேக்குத் தூண்கள். லீலா சின்னச் சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனாள். பதினொன்று கணீரென்றன. தெற்கு மூலைத் தூண் மட்டும் பொத்தென்றது. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினாள். பிடிவரைக்கும் உள்ளே போனது. நிமிர்ந்து பார்த்தாள். நேர் மேலே சிமெண்ட் தண்ணீர்த் தொட்டி. பதினெட்டு வருஷமாகக் கசிகிறதாம்.

"வீட்டுக்கு ஒண்ணும் ஆகல. இந்த ஒரு தூண்தான் உளுத்திருக்கு" என்றாள்.

"சுவரெல்லாம் விரிஞ்சிருக்கே?" என்றார் கேஷவ்.

"இங்க சுவர் எதையும் தாங்கல சார். தூணும் உத்தரமும்தான் தாங்குது. நடுவுல இருக்கற செங்கல் சும்மா அடைப்பு. ஆணிகூட இல்ல, எல்லாம் மரமுளை. ஒண்ணைக் கழட்டி வேறொண்ணு வைக்கலாம். கட்டினவங்க அதை யோசிச்சேதான் கட்டியிருக்காங்க."

அலுவலகத்தில் மேலாளர் ரங்கராஜன் அறிக்கையைப் புரட்டினார். "இடிக்கறதுக்குக் காரணம் கேட்டா, நீ ரிப்பேருக்கு வழி எழுதியிருக்கியேம்மா."

"காரணம் எதுவும் கிடைக்கல சார்."

அவர் இரண்டாம் முறையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பிப்ரவரியில் தொட்டியை இறக்கினார்கள். உத்தரத்துக்கு அடியில் இரண்டு ஜாக்கி கொடுத்து, நாளொன்றுக்கு அரை அங்குலமாகத் தூக்கினார்கள். ஒன்பதாம் நாள் காலை தச்சர்கள் புதுத் தூணை நிறுத்தி முளை அடித்தார்கள். ஜாக்கியைத் தளர்த்தினார்கள். மரம் ஒருமுறை முனகியது, அவ்வளவுதான்.

சற்று நேரத்தில் மாடியிலிருந்து வைஷாலி கணவரைக் கூப்பிடும் குரல் கேட்டது. "அஹோ, கொஞ்சம் மேல வாங்க. மேடத்தையும் கூட்டிட்டு வாங்க."

நிலை கோணிப்போய்ப் பல வருஷமாகச் சாத்த முடியாமலிருந்த அறைக்கதவை அவர் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். கேஷவும் ஒருமுறை மூடிப் பார்த்தார். பிறகு லீலாவின் முறை. கதவு வழுக்கிக்கொண்டு வந்து நிலையில் உட்கார்ந்தது. ஏனென்று தெரியாமல் மூவரும் சிரித்தார்கள்.

மே மாதம் கேஷவ் ஃபோன் செய்தார். லீவுக்கு உறவுப் பிள்ளைகள் பத்துப் பேர் வந்திருக்கிறார்களாம், எல்லோரும் மாடியில்தானாம்.

"கேளுங்க" என்று ரிசீவரைக் கூரைப் பக்கமாகத் தூக்கிப் பிடித்தார். பலகைத் தளத்தில் தடதடவென்று ஓடும் சத்தத்தை லீலா வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.