இருபத்துநான்கில் ஒன்று

அம்மா இறந்து பதினாறு மணி நேரம் கழித்து அவளை அறையைவிட்டு எடுத்தபோது, வாசலில் மேசை குறுக்கே நின்றது.

"மேசையைக் கொஞ்சம் நகர்த்திடலாமா சார்?" என்று வண்டி ஓட்டுநர் கேட்டார். ஸ்ட்ரெச்சரின் ஒரு முனை அவர் கையிலும் மறுமுனை இன்னொருவர் கையிலும் இருந்தன.

"தொடாதீங்க. தொடாதீங்க. ஒரு நிமிஷம் இருங்க."

அப்பா ஓடி வந்தார். மேசைமேல் இருந்த குட்டிக் காரை அதன் பலகையோடு இரு கைகளாலும் தூக்கினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, சுவரோரமாகப் பக்கவாட்டில் அடியெடுத்து வைத்தார். ஸ்ட்ரெச்சரைப் பிடித்திருந்தவர்கள் உள்ளேயே காத்திருந்தார்கள். அம்மாவும் காத்திருந்தாள்.

"வழி விடுங்கப்பா," என்றாள் சித்தி முன்னறையிலிருந்து. "எங்க அக்காவோட சக்களத்தி வர்றா."

யாரோ சிரிக்கப் போய் இருமினார்கள். காருக்கு அந்தப் பெயரை வைத்தவள் அம்மாதான். "என் சக்களத்திக்குப் பெயின்ட் காஞ்சுதா?" என்று படுக்கையிலிருந்து குரல் கொடுப்பாள். அவள் சொல்லும்போது அதில் விஷம் இருக்காது.

மகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மாவுக்கு முன்னால் கார் வெளியே வந்தது.

இருபத்துநான்கு மணி நேரம் ஓயாமல் ஓடும் பந்தயத்துக்கான கார். நிஜக் காரை இருபத்துநான்கில் ஒரு பங்காகச் சுருக்கியது. நீளம் ஒரு சாண்தான். இரண்டு வருடமாக அப்பா அதைச் செய்துகொண்டிருந்தார். பெட்டியில் வந்த பாகங்கள் அவருக்குப் போதவில்லை. மெல்லிய தகட்டை வெட்டி சீட் பெல்ட் செய்தார். பிரேக் தட்டுகளில் ஊசியால் துளையிட்டார். இன்ஜினுக்குப் போகும் ஒயர்களைப் படம் பார்த்து ஒவ்வொன்றாக இழுத்தார். கூரையை ஒட்டிய பிறகு இவற்றில் பாதி யார் கண்ணுக்கும் படாது. "எனக்குத் தெரியுமே," என்பார்.

அம்மா படுக்கையில் விழுந்த பிறகு மேசை அவளுடைய அறை வாசலுக்கு இடம் மாறியது. மகள் ஆள் வைக்கலாம் என்று சொல்லிப் பார்த்தாள்.

"ஆள் எதுக்கு? நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் வாசல்ல உக்காந்திருக்கேன்ல? கூப்பிட்டா ரெண்டு எட்டு."

"அவரு இருக்காருடி. நீ உன் வேலையைப் பாரு," என்றாள் அம்மாவும்.

அவளும் தன் வேலையைப் பார்த்தாள். ரயிலில் ஓர் இரவுத் தொலைவில் இருந்த ஊரில், குடிநீரைப் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் வேலை. மாதம் இருமுறை வருவாள். அப்பா அம்மாவைக் குளிப்பாட்டியிருப்பார், துணி மாற்றியிருப்பார், நகம்கூட வெட்டியிருப்பார். ஒருநாளும் முகம் சுளித்து அவள் பார்த்ததில்லை.

முன்னறையில் அம்மாவைக் கிடத்தினார்கள். காரை அப்பா ஜன்னல் மேடையில் வைத்தார். அக்கம்பக்கத்தவர்கள் வந்தார்கள். எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். அப்பாவும் ஒரே பதிலைச் சொன்னார்.

"சாயங்காலம் டீ கொண்டுபோனேன். தூங்கிட்டு இருந்த மாதிரியே இருந்தா. தொட்டேன். சில்லுனு இருந்துச்சு. ஒரு சத்தம் இல்ல, ஒண்ணும் இல்ல."

"புண்ணியவதி. கஷ்டப்படாம போயிட்டாங்க."

"ஆமா."

அடுத்தவர் வந்தார். சாயங்காலம் டீ கொண்டுபோனேன். தூங்கிட்டு இருந்த மாதிரியே இருந்தா.

ஆய்வகத்தில் ஒரே நீரைப் பத்து முறை அளந்தால் பத்து முறையும் கடைசி இலக்கம் கொஞ்சமாவது மாறும். மாறாமல் வந்தால் யாரும் அளக்கவில்லை என்று அர்த்தம். அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அவளுக்கு அது நினைவுக்கு வந்தது. இந்த நேரத்தில் இப்படி ஒரு நினைப்பா என்று தன்மேலேயே எரிச்சல்பட்டாள்.

"கடைசியா ஏதாவது சொன்னாளா அத்தான்?" என்று சித்தி கேட்டாள். மூன்றாவது முறையாகக் கேட்கிறாள். "ஒரு வார்த்தை? தண்ணி கிண்ணின்னு?"

"ஒரு சத்தம் இல்லம்மா."

பெயின்டர் வந்தார். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர். அப்பாவைப் போலவே வீட்டில் குட்டிக் கார்கள் செய்கிறவர். அப்பாவின் தோளைப் பிடித்து அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவரின் பார்வை ஜன்னல் மேடைக்குப் போனது. வேண்டாம் வேண்டாம் என்றிருந்தும் கால் அங்கே நகர்ந்துவிட்டது.

"நம்பர் போட்டுட்டியா!"

கூடவே குரலைத் தாழ்த்திக்கொண்டு குனிந்து பார்த்தார். காரின் இடது கதவில் வெள்ளை வட்டத்துக்குள் கறுப்பு எண். வலது கதவு வெறுமையாக இருந்தது.

"ஒரு குமிழி இல்ல, ஒரு சுருக்கம் இல்ல. நேத்து மத்தியானம் போன்ல கை நடுங்குது, நாளைக்குப் பார்க்கலாம்னியேப்பா?"

"அப்புறம் போட்டேன்," என்றார் அப்பா.

"எப்ப?"

அப்பா மகளைப் பார்த்தார். "வண்டி வந்துருச்சான்னு பாரும்மா."

வண்டி காலையிலிருந்தே வாசலில்தான் நின்றிருந்தது. அவள் வெளியே போனாள். பெயின்டரும் செருப்பைத் தேடிக்கொண்டு பின்னால் வந்தார்.

"மாமா, அந்த நம்பர் ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும்?"

"இதைப் போய் ஏம்மா இப்ப..."

"சும்மாதான்."

"நம்பர் ஒரு தாள்ல ஒட்டி வரும். தண்ணியில போட்டா தாள் கழண்டுரும். மிஞ்சுறது வெறும் தோலு. வெங்காயச் சருகைவிட மெல்லிசு. தாளைவிட்டு நகர்ந்துருச்சுன்னா கையை எடுக்க முடியாது. கதவோட வளைவுல உட்கார வைக்கிற வரைக்கும் பிடிச்சுக்கிட்டே இருக்கணும். மடங்கிக்கிச்சுன்னா போச்சு, வேற நம்பர் கிடையாது. ஒரு பக்கத்துக்கு ஒண்ணுதான் வரும்." தொழிலைப் பேசத் தொடங்கியதும் முகம் தெளிந்துவிட்டது. "அந்தப் பத்து நிமிஷம் வீடே பத்திக்கிட்டாலும் நாங்க எழுந்திருக்க மாட்டோம்."

சிரித்தார். சிரித்தது உறைத்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு வண்டிப் பக்கம் போய்விட்டார்.

நேற்று மத்தியானம் அந்த எண் கதவில் இல்லை. மாலை டீ கொண்டுபோனபோது அம்மா இல்லை. அதன்பிறகு வீடு நிறைய ஆட்கள்.

அவளுக்கு வெயில் முகத்தில் அடித்தது. உள்ளே போய் அம்மாவின் போர்வையைக் கால்வரை இழுத்துவிட்டாள். ஏற்கெனவே கால்வரைதான் இருந்தது.

எல்லாம் முடிந்து திரும்பியபோது மாலையாகிவிட்டது. வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். சித்தி கடைசியாகக் கிளம்பினாள். வாசலில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கப்பாவைக் கையோட கூட்டிட்டுப் போயிரு. இங்க அந்தச் சக்களத்திகூடத் தனியா விட்டுட்டுப் போயிடாத."

"சரி சித்தி."

"எனக்கு அவரைப் பிடிக்காதுடி. ஆனா பார்த்துக்கிட்டாரு. இல்லைன்னு சொன்னா என் வாய் அழுகிப்போயிரும்." மூக்கைச் சிந்தினாள். "ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டாளே, பாவி."

இரவு ரயிலுக்கு இரண்டு டிக்கெட் எடுத்தாயிற்று. அவளுடைய வீட்டில் இருப்பது ஒரே ஓர் அறை. காலையில் அவர் இருமும் சத்தத்தில் அவள் எழுந்திருப்பாள், இரவில் அவர் தட்டைக் கழுவி வைப்பாள், அவர் இருக்கும்வரை தினமும் அது நடக்கும். அம்மா தூக்கத்தில் போனாள் என்றால் அதைச் செய்ய அவளால் முடியும். இல்லையென்றால் முடியுமா என்று தெரியவில்லை.

உள்ளே அப்பா ஓர் அட்டைப் பெட்டியில் பஞ்சைப் பரப்பிக்கொண்டிருந்தார்.

"ரயில்ல மடியிலயே வெச்சுக்கறேன். மேல வெச்சா குலுங்கும். கண்ணாடி ரெண்டும் கழண்டுரும்."

"துணி எடுத்து வெச்சீங்களா?"

"ரெண்டு சட்டை போதும்."

காரைப் பெட்டிக்குள் இறக்கினார். இடது கதவின் பக்கம் மட்டும் பஞ்சு படாமல் விரலால் இடைவெளி விட்டார். அவள் அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்தாள். அங்கிருந்து மேசை தெரிந்தது, விளக்கு தெரிந்தது, அவருடைய முதுகு தெரிந்தது. முழு முதுகும் தெரிந்தது.

"அப்பா."

"ம்."

"அம்மா கூப்பிட்டாங்களா?"

"எப்ப?"

"நம்பர் ஒட்டறப்ப."

அவர் திரும்பவில்லை. "சாயங்காலம் டீ கொண்டுபோனேன். தூங்கிட்டு இருந்த மாதிரியே..."

"அதைச் சொல்லாதீங்க."

தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள். கிளம்பவில்லை. அப்பா பெட்டியை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். நாற்காலியில் உட்கார்ந்து, விரல் நுனியில் காய்ந்திருந்த பசையை நகத்தால் உரிக்கத் தொடங்கினார். அது தோலோடு சேர்ந்து வந்தது.

"பாதி கதவுல இருந்துச்சு," என்றார். "பாதி என் விரல்ல இருந்துச்சு."

அவள் அவருடைய விரல்களைப் பார்த்தாள்.

"தலையணையைச் சரிபண்ணக் கூப்பிடறான்னு நினைச்சேன். ஒரு நாளைக்கு இருபது தரம் கூப்பிடுவா. உனக்கே தெரியும். இருடி, வர்றேன்னு சொன்னேன். சொன்னேன், சொல்லாம இல்ல."

"எத்தனை தடவை கூப்பிட்டாங்க?"

ஸ்கூட்டர் கிளம்பிப் போய்விட்டது. அவர் உரித்த பசையை உருட்டி மேசை ஓரத்தில் வைத்தார்.

"என்னை ரெண்டு தரம் கூப்பிட்டா," என்றார். "மூணாவது தரம் உன்னை."