கியர் போடுகிற கை

வலது கையைப் பக்கவாட்டில் நீட்டி, கட்டைவிரலை ஆட்டிக்கொண்டே மெல்ல முன்னால் கொண்டுவந்தார் மாசிலாமணி. பார்வை எதிரே நின்ற ஃபியட்டின் நெற்றிப் பட்டையை விட்டு நகரவில்லை. போன மாதம் கை பாதி வழி வந்ததுமே விரல் தெரிந்தது. இன்று கிட்டத்தட்ட மூக்குக்கு நேரே வருகிறவரைக்கும் அங்கே விரல் என்று ஒன்று இல்லை. கறுப்பாக மறைத்தாலாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். கறுப்பும் இல்லை. முதுகுக்குப் பின்னால் இருப்பது எப்படித் தெரியாதோ அப்படித் தெரியவில்லை. கையைத் தொங்கவிட்டார். கார் நிற்கிற தகரக் கொட்டகைக்குள் காலை வெயில் ஓட்டை ஓட்டையாக விழுந்திருந்தது. எழுபத்து நாலு வயசில் பெண்டாட்டிக்குத் தெரியாமல் கொட்டகைக்குள் நின்று விரல் ஆட்டுகிற பிழைப்பு. அவருக்கே அலுப்பாக இருந்தது.

பாண்டிச்சேரிக் கண் டாக்டர் சின்ன வயசுக்காரன். கண்ணுக்குள் பிரஷர் ஏறி ஓரப் பார்வை போய்விட்டது, போனது திரும்பாது, இருக்கிறதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து, வண்டியை இனிமேல் தொடாதீர்கள் என்று இங்கிலீஷும் தமிழுமாகச் சொன்னான். மருந்து விற்கிறவன் அப்படித்தான் பேசுவான் என்று மாசிலாமணி நினைத்துக்கொண்டார். பிரபாவதி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முட்டி வலியோடு எழுந்து எழுந்து உட்காராதே என்று அவர்தான் அங்கேயே இருக்கச் சொல்லியிருந்தார். அவர் வெளியே வந்ததும் என்னவென்று அவள் கேட்டபோது, "வயசான கண்ணு, சொட்டு உடச் சொன்னான்" என்றார். அது நாலு மாசத்துக்கு முன்னால். அன்றைக்குத் திண்டிவனத்துக்குத் திரும்பி வந்ததும் இதே வண்டியில்தான்.

வாசலில் ஹாரன் கேட்டது. பிரபாவதி ஓய்வு பெற்ற ஆராய்ச்சிப் பண்ணையில் இப்போது வேலை பார்க்கிற இசைவாணி, வாடகைக் கார் ஒன்றோடு வந்து நின்றாள். விழுப்புரத்துக் கல்யாண மண்டபத்தில் விவசாயிகள் சங்கத்துக்காரர்கள் பிரபாவதிக்குப் பாராட்டு விழா வைத்திருந்தார்கள். அழைத்துப்போவது தன் பொறுப்பு என்று இரண்டு நாளாகப் போன் பண்ணிக்கொண்டிருந்தாள்.

"சார், ஏசி வண்டி சார். மேடம் முட்டிக்கு நல்லா இருக்கும்."

"அந்த முட்டி இந்த வண்டியிலதாம்மா தேஞ்சிது. அதுக்கு இதான் பழக்கம்."

"இல்ல சார், ஹைவேஸ்ல இப்ப எல்லாம் ரொம்ப ஸ்பீடா..."

"ஹைவேஸ் போடறதுக்கு முன்னாடியே போனவன் நானு. நீ கெளம்பு."

இசைவாணி பிரபாவதியைப் பார்த்தாள். பிரபாவதி புடவை மடிப்பைச் சரிபண்ணிக்கொண்டே, "நீ முன்னால போம்மா. நாங்க வந்துர்றோம்" என்றாள். அந்தப் பார்வை மாசிலாமணிக்குப் பிடிக்கவில்லை. ரெண்டும் என்னமோ பேசிவைத்திருக்கின்றன. போன மாசம் சென்னையிலிருந்து பழைய கார் சேர்க்கிற ஒருவன் வந்து ஃபியட்டைச் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்துப் போனான். அவனுக்கு வழி சொன்னது இவளாகத்தான் இருக்கும். பாராட்டு, சால்வை என்று அழைத்துப்போய் வண்டியைப் பேசி முடிக்கிற ஏற்பாடு. நேரடியாக நல்லது செய்கிற மனுஷனை அவர் இதுவரை பார்த்ததில்லை.

வண்டி கிளம்பியது. அந்தக் காலத்து ஃபியட்டில் முன்னால் ஒரே நீள சீட்டு. கியர்த்தடி தரையில் இல்லை, ஸ்டியரிங் கழுத்திலேயே இடது பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். மாசிலாமணி கிளட்சை மிதித்தார். பிரபாவதியின் வலது கை போய் கியரைப் போட்டது. முப்பது வருஷமாக அப்படித்தான். வண்டி வாங்கிய புதிதில் கிளட்சை மிதித்துக்கொண்டு "ம்" என்பார், அவள் போடுவாள். கொஞ்ச நாளில் அந்த "ம்"முக்கும் வேலை இல்லாமல் போயிற்று. என்ஜின் குரலைக் கேட்டே அவள் கை எழுந்துவிடும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆபீசரம்மா கியர் போடுது, டிரைவர் சும்மா உக்காந்து வரான் என்பார்கள். சிரிக்கட்டும். ஐந்தாவது வரைக்கும் வளவனூரில் படித்து, பண்ணையில் ஜீப் ஓட்டியவனை, பெருமுக்கல்லில் கூலிக்காரர் மகளாகப் பிறந்து கோயம்புத்தூர் வரைக்கும் போய்ப் படித்துவந்த பெண் கட்டிக்கொண்டபோது சிரிக்காததா.

இந்த வண்டியை வளவனூர் ரைஸ் மில் ஒன்றின் பின்பக்கம் கண்டுபிடித்தவளும் அவள்தான். தவிட்டு மூட்டைக்கு நடுவில் நாலு சக்கரமும் இறங்கிக் கிடந்தது. வீட்டுக்கு இழுத்துவந்து நாலு வருஷம் வேலை பார்த்தார்கள். இங்கிலீஷ் புஸ்தகத்தைப் பார்த்து அவள் தமிழில் சொல்லச் சொல்ல, அவர் அடியில் படுத்துத் திருகுவார். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்காவது பழைய கார் பார்க்கப் போவார்கள். டாக்டர் வீட்டு ஷெட், சர்ச் வளாகம், மூடிப்போன சினிமா கொட்டகை. பார்த்த வண்டியை எல்லாம் பண்ணையில் செடிக்குக் குறிப்பெழுதுகிற பச்சை அட்டை நோட்டில் எழுதிவைப்பாள். 'லேண்ட்மாஸ்டர். கூட்டேரிப்பட்டு. நிறம் தெரியவில்லை. பின்சீட்டில் கோழி அடை.' ராத்திரி அதைப் படித்துக் காட்டுவாள். அவர் கேட்டுக்கொண்டே தூங்கிப்போவார்.

"அந்த பைக்காரன பாருங்க, ஹெல்மெட்ட கையில மாட்டிக்கினு போறான். கைக்குத்தான் உசுரு போல" என்றாள் பிரபாவதி. மாசிலாமணி ஸ்டியரிங்கை ஒரு நூல் இடப்பக்கம் ஒடித்தார். வலப்பக்கத்து ஒன்றுமில்லாததிலிருந்து பைக் ஒன்று முளைத்து முன்னால் போயிற்று. இவள் முன்பு இவ்வளவு பேசமாட்டாள். கிறிஸ்துமஸ் கழிந்ததிலிருந்து வண்டியில் ஏறினால் வாய் மூடுவதில்லை. வயசானால் அப்படித்தான் போலிருக்கிறது.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வண்டியை வரிசைக்குள் திருப்பும்போது வலப்பக்கம் டப்பென்று ஒரு சத்தம்.

"என்னாது? நாயா?"

"பிளாஸ்டிக் கூம்பு. கிடக்குது, போங்க."

இந்தச் சனியன்களை நடுரோட்டில் கொண்டுவந்து வைக்கிறான்கள் என்று வைதார். அவள் கைப்பையிலிருந்து பச்சை நோட்டை எடுத்து ஏதோ எழுதினாள்.

"பழைய வண்டி எதுனா கண்டியா?"

"ம். ஒண்ணு" என்றாள்.

மண்டபத்து மேடையில் பெரிய பேனர். மாசிலாமணி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினார். அவள் பெயர்தான் முதலில் இருந்தது. நம்பாமல் இன்னொரு தரம் கூட்டினார். பண்ணையில் அவள் உருவாக்கிய அந்த வேர்க்கடலை ரகம், இந்தப் பக்கத்தில் மல்லாட்டை, வெளியானபோது அச்சடித்த நோட்டீஸில் நாலு பேர் பெயர் இருந்தது. இவள் நாலாவது. முன்னால் இருந்த மூணு பேரில் ஒருத்தரும் சாயங்கால வெயிலில் குந்தி உட்கார்ந்து பூ மொட்டைப் பிரித்தவர் இல்லை. ஜீப்பில் உட்கார்ந்து எட்டு வருஷம் அதைப் பார்த்தவர் மாசிலாமணி. அன்றைக்குப் போனதுதான் மனுஷர்கள் மேலிருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும். அவள் மட்டும் நோட்டீஸை மடித்து வைத்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போனாள். ரெண்டு மழை பெய்தால் போதும், காய் பிடித்துவிடும் என்பதால் ஜனங்கள் அந்த ரகத்தை ரெண்டு மழைக் கொட்டை என்றார்கள். வானம் பார்த்த நிலத்தில் எத்தனை வீட்டில் அடுப்பெரிந்தது அதனால் என்று மேடையில் ஒவ்வொருத்தராகப் பேசினார்கள். கருவாட்சி வரைக்கும் போய் விதை வாங்கியதாகச் சின்னபொண்ணு என்கிற கிழவி மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இறங்கி வந்து, முந்தானையில் முடிந்திருந்த அவித்த மல்லாட்டையை மாசிலாமணி கையில் கொட்டினாள். "சாப்புடு நைனா, உம் பொண்டாட்டி குடுத்ததுதான்" என்றாள்.

பிரபாவதி சுருக்கமாகத்தான் பேசினாள். "எம் பேர முதல்ல போட்டிருக்கீங்க. சந்தோஷம். ஆனா ஒட்டுச் சேத்த பூவுக்கு அடையாளமா நூல் கட்டினது, கூலிக்கு வந்த ஒம்பது பொம்பளைங்க. அவங்க பேரு எதுலயும் வரல. இப்ப படிக்கிறேன்" என்று தாளை விரித்தாள். வீரம்மாள், கெங்கம்மாள், பொன்னி என்று ஒன்பது பெயர். ஒன்பதோடு முடிந்தது. மாசிலாமணி கையில் இருந்த கொட்டையை உரிக்காமல் வைத்திருந்தார். பத்தாவதாக ஒரு பெயர் வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. வராதபோது அதைவிட என்னமோ மாதிரி இருந்தது.

திரும்பும்போது வண்டிக்குள் சால்வை வாசம். விழுப்புரம் தாண்டியதும் கேட்டுவிட்டார்.

"எம் பேர சொல்லல."

"தின்னவர் பேர எதுல சேக்கறது?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணமான மூணாம் வருஷம். அவள் ஜீப்பில் வைத்துவிட்டுப் போன காகிதக் கவரில் பதினாலு கொட்டை இருந்தது. ரயில்வே கேட் போட்டிருந்தான், பசி. உரித்துத் தின்றுவிட்டார். எட்டு மாசம் செடியோடு செடியாக மாரடித்து ஒட்டுக்கட்டியெடுத்த விதை அது. கேட்டதற்கு எலி தின்றிருக்கும் என்றார். ரெண்டு நாள் அதையே சாதித்தார். மூணாம் நாள் அவள், "எலி தோல மடிச்சு கவர்லயே போட்டு வெக்குமா?" என்று மட்டும் கேட்டாள். சொத்தை என்று அவர் வீசிய ரெண்டு கொட்டையை ஜீப் மிதியடிக்குக் கீழே தேடி எடுத்து ஊன்றினாள். ஒன்று முளைத்தது. ரெண்டு மழைக் கொட்டை அதிலிருந்து வந்ததுதானா என்று அவர் இன்றுவரை கேட்டதில்லை. ஆமாம் என்றாலும் கஷ்டம், இல்லை என்றாலும் கஷ்டம்.

விக்கிரவாண்டி தாண்டி ஒரு டீக்கடை. "நிறுத்துங்க, தாகமா இருக்குது" என்றாள். ஓரம் கட்டினார். கொஞ்சம் தள்ளி, புளியமரத்தடியில் அந்த வாடகைக் கார் நின்றது. இசைவாணி உள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

"இது எதுக்கு இங்க நிக்குது?"

"நாந்தான் நிக்கச் சொன்னேன்."

"அப்ப அந்த மெட்ராஸ்காரனும் வரானா? வண்டிய பேசி முடிச்சிட்டீங்களா ரெண்டு பேரும்?"

பிரபாவதி அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். சந்தேகத்துக்குச் சந்தேகம் பதில் சொல்லிச் சலித்தவளின் பார்வை. அப்புறம் பச்சை நோட்டை மடியில் விரித்தாள். வழக்கமாகப் பழைய வண்டிகளைப் படிக்கிற அதே குரலில் படித்தாள்.

"ஜனவரி பதினொண்ணு. மேம்பாலத்துக்குக் கீழ. வலப்பக்கம் சைக்கிள். பாக்கல. ஜனவரி இருபத்தாறு. மார்க்கெட் ரோடு. வலப்பக்கம் தள்ளுவண்டி. பாக்கல, அவனே ஒதுங்கிட்டான். பிப்ரவரி ஒம்பது. வலப்பக்கம் பள்ளிக்கூடப் புள்ளைங்க மூணு பேரு. நான் சொன்ன பெறவு பிரேக்கு."

பிப்ரவரி ஒன்பது அவருக்கு நினைவிருந்தது. 'அந்தப் பச்ச யூனிஃபார்ம் நல்லா இருக்குது இல்ல?' என்று அவள் கேட்டாள். எந்தப் பச்சை என்று திரும்பியவர் பிரேக்கில் ஏறி நின்றார். பெண்டாட்டிக்குத் துணி ஆசை என்று நினைத்தார்.

அவள் நிறுத்தாமல் படித்தாள். கடைசியில், "இன்னைக்குக் கூம்பு. பதினேழு" என்றாள். டீக்கடைக்காரன் ரெண்டு டம்ளரைக் கொண்டுவந்து ஜன்னலில் கொடுத்தான். ரெண்டு பேரும் வாங்கிக்கொண்டார்கள்.

"டாக்டராண்ட கேட்டியா?"

"எதுக்குக் கேக்கணும்? பாத்தத எழுதினேன். பதினேழு தடவையும் வலப்பக்கம்." நோட்டை அவர் பக்கம் திருப்பினாள். ஒவ்வொரு வரிக்கும் கடைசியில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. "இது முடிவு எழுதற கட்டம். செடிய வெச்சுக்கறதா, புடுங்கிப் போடறதான்னு இதுலதான் எழுதுவோம். நான் எழுதல. உங்க வண்டி. நீங்க எழுதுங்க."

"நம்ப வண்டி" என்றார் மாசிலாமணி.

"அந்தப் பதினெட்டாவது ஒரு புள்ளையா இருந்துச்சுன்னா, என்னால எழுத முடியாதுங்க."

டீ ஆறி ஏடு கட்டியது. லாரிகள் போகிற காற்றில் ஃபியட் லேசாக ஆடி நின்றது. அவளுக்கு முட்டி, கிளட்சை மிதிக்க முடியாது. அவருக்குக் கால் இருக்கிறது, கண் இல்லை. இப்படியே இவள் சொல்ல, தான் ஓட்ட, இன்னும் கொஞ்ச நாள் தள்ளலாமே என்றுதான் அவருக்குத் தோன்றியது. சொல்ல வாயெடுத்தார். மூணு பச்சை யூனிஃபார்ம் நினைவுக்கு வந்தது. சாவியை உருவி எடுத்தார். இறங்குவதற்கு ரொம்ப நேரம் பிடித்தது.

வாடகைக் காரின் டிரைவர் ஆனந்தராஜ் ஃபியட்டில் ஏறி உட்கார்ந்து தரையைத் தேடினான். வாடகைக் காரை இசைவாணியே ஓட்டிக்கொண்டு பின்னால் வருவதாகச் சொல்லியிருந்தாள்.

"கியர் எங்க பெரியவரே?"

"உன் இடது கையாண்ட பாரு. கம்பு மாதிரி நீட்டிக்கினு இருக்குதே."

"ஐயோ, இது எனக்குப் பழக்கம் இல்லீங்க. கெளம்பறப்பவே மக்கர் பண்ணும்."

"நீ கிளட்ச மட்டும் மிதி. மத்தத நாங்க பாத்துக்கறோம்."

பிரபாவதி தானே பின்சீட்டுக்குப் போய்விட்டாள். மாசிலாமணி முதல்தடவையாக அந்த வண்டியின் இடப்பக்கத்துக் கதவைத் திறந்து ஏறினார். சீட்டு அவள் உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு பக்கம் பள்ளமாகியிருந்தது. நேரே பார்த்தால் வலப்பக்கத்தில் ஆனந்தராஜும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. ரோடும் இடப்பக்கத்து மல்லாட்டைக் கொல்லையும் மட்டும் இருந்தன. கையால் துழாவிக் கியர்த்தடியைப் பிடித்தார். குமிழ் தேய்ந்து அவள் உள்ளங்கை அளவுக்கு ஆகியிருந்தது. தெரியாத காலொன்று கிளட்சை மிதித்தது. முதல் கியரைப் போட்டுவிட்டார். வண்டி நகர்ந்து ரோட்டில் ஏறியது. என்ஜின் குரல் ஏற ஆரம்பித்தது. அடுத்தது எப்போது? இத்தனை வருஷம் ஓட்டிய வண்டிதான். ஆனால் அந்த இடம் எது என்று அவருக்குத் தெரியவில்லை. அதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் அவள். கண்ணை மூடிக்கொண்டார். குரல் இன்னும் ஏறியது, ஒரு இடத்தில் மூச்சு முட்டுகிற மாதிரி இறுகியது.

பின்சீட்டிலிருந்து பிரபாவதி, "ம்" என்றாள்.