சய பதினெட்டு

சாய்ந்தமருது கடற்கரை வீதியில், மீன் குளிரறைகளுக்குக் கம்பியூட்டர்க் கட்டுப்பாடு செய்து கொடுக்கும் சின்னக் கம்பனி ஒன்றில் றஸ்னா வேலை பார்த்தாள். ஒவ்வொரு குளிரறைக்கும் ஒரு செட்டிங் பைல். எவ்வளவு குளிர் வேண்டும், எப்போது எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும் எல்லாம் அதற்குள்தான். பழைய மெஷின்களுக்கு அந்தப் பைலை ஜேசன் என்ற வடிவில் எழுத வேண்டும், புதியவற்றுக்கு யாமல் என்ற வடிவில். ஒரு குறி தவறினாலும் மீன் நாறிப்போகும்.

முன்பெல்லாம் கண்ணால்தான் சரிபார்த்தார்கள். கல்முனையிலிருந்து வேலைக்கு வரும் தர்சிகா பக்கத்துக் கதிரையில் இருந்து வாசிப்பாள். றஸ்னா திரையில் விரல் வைத்துப் பின்தொடர்வாள். "நிந்தவூர், சய பதினெட்டு! பொத்துவில், சய இருபது!" என்று, மைனஸைப் பள்ளிக்கூடக் கணக்கில்போல் 'சய' என்றே சொல்லி, பஸ் கொண்டக்டர் ஊர் கூப்பிடுவதுபோல் தர்சிகா இழுக்க, றஸ்னாவுக்குச் சிரிப்பில் வரி தவறிவிடும். திரும்ப முதலிலிருந்து. தர்சிகா கலியாணம் முடித்து வவுனியாவுக்குப் போன பிறகும், றஸ்னா பைலை அனுப்பிவைக்க, போனில் அந்த வாசிப்பு நடந்தது.

வேலை கூடியபோது, கம்பியூட்டரே பைலைச் சரிபார்க்கும்படி றஸ்னாதான் ஸ்கீமா என்ற விதிப்பட்டியல் எழுதினாள். குளிர் அளவு எண்ணாக இருக்க வேண்டும், சொன்ன எல்லையைத் தாண்டக் கூடாது, அறையின் பெயர் விடுபடக் கூடாது. ஜேசனோ யாமலோ, எல்லாப் பைலுக்கும் அதே விதிகள்தான். கம்பனியில் எல்லாரும் மெச்சினார்கள். அதோடு தர்சிகாவுக்குப் போன் எடுக்க வேலை இல்லாமல் போய்விட்டது.

அன்று பொத்துவிலில் புதுக் குளிரறை ஒன்றுக்குப் பைல் அனுப்ப இருந்தது. எண் வர வேண்டிய இடத்தில் எழுத்து இருப்பதாகச் சோதனை காட்டியது. யாரோ எண்ணை மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தார்கள்; அப்படிப் போட்டால் கம்பியூட்டருக்கு அது எழுத்து. அதை எடுத்துவிட்டதும் பச்சை வந்தது. பைலை அனுப்பிவிட்டு றஸ்னா பக்கத்துக் கதிரையைப் பார்த்தாள். அதில் பிரிண்டர்ப் பெட்டி இருந்தது. போனை எடுத்தாள்.

"புதுப் பைலா?" என்றாள் தர்சிகா.

"ஓம். ஆனா அது சரிபாத்து அனுப்பியாச்சி."

"அப்ப என்னத்துக்கு எடுத்த?"

"சும்மாதான். உன்ட குரல் கேட்டு எவ்வளவு நாள்."

வேலையில்லாமல் எடுத்தால் தொந்தரவாக இருக்குமோ என்று தானும் எடுக்காமல் இருந்ததாகத் தர்சிகா சொன்னாள். பிறகு மகளுக்குப் பல் முளைக்கும் கதை வந்தது, மாமியின் கதை வந்தது. றஸ்னா வீட்டுப் பெருநாளைக்கு வருவதாகவும், தனக்கு இனிப்பு வட்டிலப்பம் எடுத்துவைக்கச் சொல்லியும் முடித்தாள்.

றஸ்னா போனை வைத்தபோது, அறை குளிரத் தொடங்கிவிட்டதென்று பொத்துவில் முதலாளியின் செய்தி வந்து கிடந்தது.